ஹாக்கி குழுவும் பொறியியல் படிப்பும்: ஒரு தங்கச்சிக்கு எழுதிய பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோலாலம்பூரில் சிவில் பொறியியல் முதலாம் ஆண்டு படிக்கிறார். பல்கலைக்கழக மகளிர் ஹாக்கி குழுவில் கோல்கீப்பராக இடம் கிடைத்திருக்கிறது. வாரத்தில் நான்கு மாலை பயிற்சி, சனிக்கிழமை காலையிலும் உண்டு. முதல் செமஸ்டரில் 4.00-க்கு 2.68 புள்ளி வாங்கியிருக்கிறார். அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடனில் படிப்பு. "படித்து முடி, அப்புறம் விளையாடலாம்" என்கிறார் அப்பா. இரண்டையும் சமாளிக்க முடியுமா, தினசரி அட்டவணை எப்படிப் போடுவது, மார்க் குறைந்ததைப் பயிற்றுநரிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, சமாளிக்கலாம். நானும் பொறியியல் படித்துக்கொண்டே கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றவள்தான். இப்போது பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன், பல்கலைக்கழகக் குழுவோடு மேலாளராகவும் போகிறேன். அதனால் விடுப்புக் கடிதத்தை நீட்டுகிறவர் மனசும் தெரியும், அதை வாங்கிப் படிக்கிற விரிவுரையாளர் மனசும் தெரியும். இரண்டையும் நன்றாக இழுத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், பாதியில் தடுமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். மூளையிலோ உழைப்பிலோ இவர்களுக்குள் பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்த்ததில்லை. தடுமாறுகிறவர்கள் முதல் இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டிய வேலையை ஒன்பதாவது வாரத்தில் ஆரம்பிக்கிறார்கள். நான் எழுதப்போவதெல்லாம் அந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான்.

தினசரி அட்டவணையை விட்டுவிடு. காலை 6 மணியிலிருந்து இரவு 11 மணி வரை கட்டம் போட்டு, நாலு கலரில் நிரப்பிச் சுவரில் ஒட்டுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். கோலாலம்பூரில் அது மூன்று நாள்கூடத் தாங்காது. நாலரை மணிக்கு வானம் கறுக்கும், ஐந்து மணிக்கு இடி இடிக்கும், பயிற்றுநர் எல்லாரையும் திடலை விட்டு வெளியே வரச் சொல்வார். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப இறங்கக்கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு வழக்கம். ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் பயிற்சி ஏழேகாலுக்குத்தான் முடியும். "7.30 – கால்குலஸ்" என்று எழுதியிருந்த கட்டம் அன்றைக்குக் காலி. நாலு நாள் அப்படிப் போனால் "என்னால் முடியவில்லை" என்ற எண்ணம் வந்துவிடும். முடியாமல் போனது அட்டவணைக்கு. உன் மேல் குற்றமில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மலேசியாவில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. மலேசியத் தகுதிக் கட்டமைப்பிலேயே அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். விரிவுரை, டுட்டோரியல், ஆய்வுக்கூடம், தனியாக உட்கார்ந்து படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். நீ 18 கிரெடிட் எடுத்தால் 720 மணி நேரம். வகுப்பு நடப்பது 14 வாரம். இடைவிடுமுறை, ரிவிஷன் வாரம், தேர்வு வாரங்களைச் சேர்த்தால் ஏறக்குறைய 18 வாரம். ஆக வாரத்துக்கு 40 மணி நேரம். ஹாக்கிக்கு, உடை மாற்றி, திடலுக்குப் போய் வருவதையும் சேர்த்து, மாலைக்கு மூன்று மணி நேரமாக நான்கு நாளுக்கு 12, சனிக்கிழமைக்கு 4, மொத்தம் 16. தூக்கத்துக்கு நாளுக்கு 8 என்று 56. கூட்டினால் 112. வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். மிச்சம் 56, அதாவது நாளுக்கு 8 மணி நேரம். சாப்பாடு, குளியல், துணி துவைப்பது, ரயில், கோயில், போன் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

நேரம் இல்லை என்று சொல்ல முடியாது, பார். ஆனால் இது சராசரிக் கணக்கு. செமஸ்டர் சராசரியாக நடக்காது. ஆறாவது, ஏழாவது வாரத்தில் மூன்று டெஸ்ட் சேர்ந்து வரும். போட்டி வாரத்தில் படிப்பே நடக்காது. அந்த வாரத்து 40 மணி நேரத்தை முன்னாலோ பின்னாலோ கட்டித்தான் ஆக வேண்டும். எந்த வாரத்தில் கட்டுவது என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு அது கடன் மாதிரி. தெரியாதவர்களுக்கு வட்டியோடு வரும்.

அதனால் தினசரி அட்டவணைக்குப் பதில் செமஸ்டர் வரைபடம் போடு. ஏ4 தாளைக் குறுக்காக வைத்து வாரத்துக்கு ஒன்றாக 18 கட்டம். முதலில் பல்கலைக்கழக நாள்காட்டியில் உள்ள விடுமுறைகள், ரிவிஷன் வாரம், தேர்வு வாரம். தீபாவளியோ தைப்பூசமோ வந்தால் அதையும் எழுது, அன்றைக்கு நீ எப்படியும் படிக்கப்போவதில்லை. அடுத்து ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் வகுப்பில் கொடுக்கும் பாடத்திட்டத்தில் டெஸ்ட், குவிஸ், அசைன்மெண்ட் எந்த வாரம் என்று இருக்கும், அதை எடுத்து எழுது. கடைசியில் சிவப்புப் பேனாவால் போட்டிகள்: பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மாசும், உயர்கல்வி நிலையங்களுக்கான சுகிப்ட், லீக் ஆட்டம், நட்புமுறை ஆட்டம் எல்லாம். மாசும் போட்டிகளை விளையாட்டுக்கு ஏற்ப வெவ்வேறு பல்கலைக்கழகங்கள் ஏற்று நடத்துவதால் கெடாவில் இருக்கும் சிந்தோக்குக்கும் போக வேண்டியிருக்கும், சபாவில் இருக்கும் கோத்தா கினபாலுவுக்கும் போக வேண்டியிருக்கும். ஆட்டம் மூன்று நாள் என்றால் பயணத்தோடு ஐந்து நாள் போட்டுக்கொள். தேதி உறுதியாகவில்லை என்பார்கள். உத்தேசத் தேதி குழு மேலாளரிடம் முன்கூட்டியே இருக்கும், கேட்டு வாங்கு. கேட்காதவர்களுக்கு நாங்களாகத் தேடிப்போய்ச் சொல்ல மாட்டோம். அது எங்கள் சோம்பல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

உன் துறைக்கென்றே ஒரு விஷயம் உண்டு. விரிவுரையைத் தவறவிட்டால் குறிப்பு வாங்கிப் படித்துக்கொள்ளலாம். கான்கிரீட் அப்படி விடாது. ஆய்வுக்கூடத்தில் வார்க்கும் கான்கிரீட் கட்டைகளை 7-ஆம் நாளிலும் 28-ஆம் நாளிலும் நசுக்கிப் பார்ப்பார்கள். "நான் சிந்தோக்கில் இருக்கிறேன், 31-ஆம் நாள் வருகிறேன்" என்று கட்டையிடம் சொல்ல முடியாது. வார்க்கும் நாளே விரல் விட்டு எண்ணு. 28-ஆம் நாள் சிவப்புக் கட்டத்தில் விழுந்தால் இன்னொரு ஆய்வுக் குழுவுக்கு மாறிக்கொள்ள அன்றைக்கே கேள். நில அளவைப் பாடத்தின் களப்பணியும் இதே கதைதான். ஆறு பேர் சேர்ந்து செய்வதை நீ தனியாகத் திரும்பச் செய்ய முடியாது. தள்ளிப்போட முடிந்த வேலை எது, முடியாதது எது என்று பிரித்துவைத்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

பாடப் பதிவைத்தான் மாணவர்கள் ரொம்ப அலட்சியமாகச் செய்கிறார்கள். தோழிகள் எந்தப் பிரிவோ அந்தப் பிரிவு என்று சேர்ந்துவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. ஆய்வுக்கூடம் பெரும்பாலும் 2 மணியிலிருந்து 5 மணி வரை ஓடும், ஐந்தைத் தாண்டியும் இழுக்கும். பயிற்சி இல்லாத நாளில் வரும் குழு எது என்று பார்த்துச் சேர். பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் பொதுவாக முதல் ஓரிரு வாரம்தான் அனுமதிப்பார்கள். அதற்கப்புறம் விலகினால் மதிப்பெண் பட்டியலில் அடையாளம் விழும்.

கிரெடிட்டைக் குறைக்கலாமா? குறைக்கலாம், எதை என்பதுதான் முக்கியம். நான்கு ஆண்டுப் பொறியியல் பட்டத்துக்குக் குறைந்தது 135 கிரெடிட் வேண்டும் என்பது பொறியியல் அங்கீகார மன்றத்தின் விதி. எட்டு செமஸ்டருக்குப் பங்கிட்டால் சுமார் 17. போட்டி இருக்கும் செமஸ்டரில் 15 எடுத்தால் இன்னொன்றில் 19 எடுக்க வேண்டிவரும். போட்டி இல்லாத செமஸ்டரில் 19 எடுப்பதில் தவறில்லை. ஆனால் ஸ்டேட்டிக்ஸை மட்டும் தள்ளிப்போடாதே. அது முடிந்தால்தான் மெக்கானிக்ஸ் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதற்கப்புறம் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ், அப்புறம்தான் கான்கிரீட் டிசைன். சில பாடங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். சங்கிலியில் ஒன்றை விட்டால் ஒரு வருடமே போய்விடும். தள்ளிப்போட வேண்டியது பொதுப் பாடங்கள், விருப்பப் பாடங்கள், மொழிப் பாடம் மாதிரியானவை. விளையாட்டுக்கே புறப்பாடக் கிரெடிட் கிடைக்குமா என்றும் விளையாட்டு மையத்தில் விசாரி. கிடைத்தால் தனியாக இன்னொரு புறப்பாட வகுப்புக்குப் போய் உட்கார வேண்டாம். கிரெடிட்டைக் குறைக்கும் முன் முழுநேர மாணவருக்கான குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று பீடத்தில் கேட்டுக்கொள், கடன் அதோடு கட்டுப்பட்டது.

விடுப்புக் கடிதம். போட்டிக்குப் போகும்போது விளையாட்டு மையம் ஒரு சூராட் கொடுக்கும். அது இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அந்தக் கடிதம் உன் வருகைப் பதிவைக் காப்பாற்றும், அவ்வளவுதான். அந்த வாரத்தில் டெஸ்ட் இருந்தால் மாற்றுத் தேர்வு வைப்பதா வேண்டாமா என்பது விரிவுரையாளரும் பீடமும் எடுக்கும் முடிவு. மாற்றுத் தேர்வு என்றால் எனக்கு என்ன வேலை தெரியுமா? புதிதாகக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும், அறை பார்க்க வேண்டும், மற்ற மாணவர்களுக்கு அநியாயம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புறப்படுவதற்கு முந்தின நாள் நடைபாதையில் மடக்கி "டாக்டர், நாளைக்கு மாசும்" என்று கடிதத்தை நீட்டுகிற பிள்ளைக்கு என்ன செய்ய முடியும்? இரண்டாவது வாரமே வந்து தேதியைச் சொல்லிவிட்டுப் போன பிள்ளைக்காக நான் டெஸ்டையே ஒரு வாரம் நகர்த்தியிருக்கிறேன்.

என்ன எழுதுவது என்று யோசிக்காதே. "வணக்கம் டாக்டர், நான் உங்கள் ஸ்டேட்டிக்ஸ் இரண்டாம் பிரிவு மாணவி, பல்கலைக்கழக ஹாக்கி குழுவில் இருக்கிறேன். ஒன்பதாவது வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை போட்டி இருக்க வாய்ப்புண்டு. கடிதம் வந்ததும் அனுப்புகிறேன். அந்த வாரம் இரண்டாவது டெஸ்ட் இருக்கிறது. எட்டாவது வாரமே எழுதவும் தயார், திரும்பி வந்த மறுநாள் எழுதவும் தயார்." இவ்வளவு போதும். தேதி, தவறப்போவது எது, நீ முன்வைக்கும் தீர்வு என்ன என்பது தெரிந்தால் பதில் சீக்கிரம் வரும். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதாதே, நீ தப்பு ஒன்றும் செய்யவில்லை.

வருகைப் பதிவு பற்றி இன்னொன்று. பெரும்பாலான இடங்களில் 80 விழுக்காடு வருகை கேட்பார்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் 14 வாரத்தில் 28, அதில் ஐந்தைத்தான் விடலாம். அந்த ஐந்தைப் பயிற்சிக் களைப்பில் எழுந்திருக்க முடியாத காலை 8 மணி வகுப்புக்குச் செலவழித்துவிட்டால், காய்ச்சலில் படுக்கும் நாளுக்கு மிச்சம் இருக்காது.

அப்புறம் குழு அசைன்மெண்ட். விளையாட்டாளர்கள் மேல் வகுப்புத் தோழர்களுக்கு இருக்கும் கோபம் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அவர்கள் நள்ளிரவில் உட்கார்ந்து அறிக்கை எழுதும்போது நீ ஜெர்சியோடு செல்ஃபி போட்டால் யாருக்குத்தான் எரியாது? வேலையைப் பிரிக்கும் அன்றைக்கே உன் தேதிகளைச் சொல்லிவிட்டு, முதலில் முடிய வேண்டிய பகுதியை எடுத்துக்கொள்: தரவு திரட்டுவது, முன்னுரை, கணக்கீட்டு அட்டவணை. கிளம்பும் முன் முடித்துக் கொடு. "திரும்பி வந்து கடைசியில் சரிபார்க்கிறேன்" என்று மட்டும் ஏற்காதே. போட்டி முடிந்து திரும்பும் ராத்திரி உனக்குக் கண் திறக்காது, உன் பெயர் மட்டும் அட்டையில் இருக்கும்.

சரி, நாளுக்கு 8 மணி நேரம் மிச்சம் என்று சொன்னேனே, அது எங்கே போகிறது? நான் பார்த்தவரை ஹாக்கி அதைத் தின்பதில்லை, ஹாக்கிக்கு முன்னும் பின்னும் இருக்கும் நேரம்தான் கரைகிறது. காலை 10 மணிக்கு ஒரு வகுப்பு முடியும், அடுத்தது 12 மணிக்கு. நடுவில் இரண்டு மணி நேரம் ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு போனைத் தேய்ப்பது. இந்த இரண்டு மணி நேரம்தான் உன் நாளிலேயே மூளை நன்றாக வேலை செய்யும் நேரம். புதிதாகக் கற்க வேண்டியதை, புரியாத அத்தியாயத்தை இங்கே வை. நூலகத்தில் போய் உட்கார், ஹாஸ்டல் பக்கமே போகாதே. இரவு எட்டு மணிக்கு மேல், இரண்டு மணி நேரம் ஓடிக் களைத்த உடம்போடு புது விஷயம் மண்டையில் ஏறாது. அந்த நேரத்துக்குக் கை வேலை போதும்: டுட்டோரியலில் ஏற்கெனவே புரிந்த கணக்குகளைப் போட்டுப் பழகுவது, லேப் ரிப்போர்ட்டுக்கு வரைபடம் போடுவது, குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது.

பயிற்சி முடிந்ததும் மாமாக் கடை. ஏழரைக்கு உட்கார்ந்தால் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே ஓ ஐஸ், அப்புறம் பிரீமியர் லீக் அரட்டை, பார்த்தால் ஒன்பதரை. நான்கு நாளும் இப்படி என்றால் வாரத்துக்கு எட்டு மணி நேரம், ஒரு முழு வேலை நாள்! அதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குழு என்பது திடலில் பாதி உருவாகிறது என்றால் மீதி அந்த மேசையில்தான் உருவாகிறது. வாரத்துக்கு ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள் உட்கார். மற்ற நாள் தாப்பாவ், அதாவது பார்சல், வாங்கிக்கொண்டு நடையைக் கட்டு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கோல்கீப்பருக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு, மற்றவர்கள் கணக்கில் வராதது. தண்ணீர் பாய்ச்சிய டர்ஃபில் விழுந்து புரண்டால் லெக் கார்ட், பாதத்தில் மாட்டும் கிக்கர், கையுறை, மார்புக் கவசம் எல்லாம் ஊறிப்போயிருக்கும். அதைப் பையிலேயே அடைத்துவைத்தால் மறுநாள் அறைத்தோழி உன்னை அறையைவிட்டு விரட்டுவாள், ஒரு மாதத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். அன்றிரவே எடுத்து, துடைத்து, விசிறிக்கு எதிரே பரப்ப இருபது நிமிடம் வேண்டும். இந்த மாதிரி இருபது நிமிடங்களை உன் கணக்கில் சேர்த்துக்கொள். திட்டம் போடும்போது இவற்றைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஒழுங்குபடுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இதற்கு எழுத்திலேயே வரம்பு வைத்திருக்கிறது. முதல் பிரிவில் போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒருநாள் கட்டாய ஓய்வு. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பயணம் அந்தக் கணக்கில் வராது. போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரம் என்றே எழுதுவார்கள். உண்மையில் போவது அதைவிட நிறைய. இருந்தாலும் 20 என்பது நல்ல அளவுகோல். நாலு வாரத்துக்கு உன் மணி நேரத்தை நீயே குறித்து வை, பயணத்தையும் சேர்த்து. உன் 16 எப்போதாவது 20-ஐத் தாண்டினால் ஏன் என்று பார்.

தூக்கத்தில் கை வைக்காதே. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை ஐந்து முதல் ஏழு வாரம் வரை இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லி நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஓட்டத்தில் வேகம் கூடியது, ஃப்ரீ த்ரோ குறி சுமார் 9 விழுக்காடு உயர்ந்தது. சின்ன ஆய்வுதான், பத்து மணி நேரம் உனக்குக் கட்டுப்படியும் ஆகாது. ஆனால் பெனால்டி கார்னரில் பந்து இடுப்பு உயரத்துக்கு வரும்போது உன் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும், படித்தது மனசில் தங்கவும் தூக்கம் வேண்டும். டெஸ்டுக்கு முந்தின இரவு கண்விழிப்பது இரண்டு பக்கமும் நஷ்டம்.

அப்பாவிடம் வருகிறேன். அவர் பயத்தைக் குறைத்து மதிப்பிடாதே. நம் வீடுகளில் பட்டம் என்பது வீட்டின் அடுத்த தலைமுறைக்கே போடும் அஸ்திவாரம். 2.68 என்றதும் அவருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். எண்களை வைத்துப் பேசு. பி.டி.பி.டி.என். தொடர்ந்து கிடைக்க 2.00 வேண்டும், நீ அதற்கு மேலேதான் இருக்கிறாய். கிரெடிட் சமமாக இருந்தால் அடுத்த மூன்று செமஸ்டரும் சராசரி 3.11 எடுத்தால் இரண்டாம் ஆண்டு முடிவில் சி.ஜி.பி.ஏ., அதாவது மொத்தச் சராசரிப் புள்ளி, 3.00-ஐத் தொட்டுவிடும். உபகாரச் சம்பளத்துக்கும் பல நிறுவனங்களில் வேலைக்கு மனுப் போடவும் அந்த 3.00 தேவைப்படும் என்பதால் அவர் கவலையில் அர்த்தம் இருக்கிறது. அப்புறம் நீயே ஒரு கோட்டைப் போட்டுக் கொடு: "இந்த செமஸ்டர் 2.80-க்குக் கீழே போனால் அடுத்த செமஸ்டர் போட்டிக்குப் போக மாட்டேன், பயிற்சிக்கு மட்டும் போவேன்." கோடு உன் வாயிலிருந்து வந்தால் அவர் சண்டை போட வேண்டிய அவசியம் இருக்காது.

அவருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லு. பல பொதுப் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் ஆண்டிலிருந்து ஹாஸ்டல் இடம் நடவடிக்கைப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கிடைக்கும். பல்கலைக்கழகத்தைப் பிரதிநிதிப்பது அதில் நல்ல புள்ளி. ஹாக்கியை விட்டால் ஹாஸ்டலும் போகலாம். போனால் செந்தூலில் இருக்கும் உன் வீட்டிலிருந்து மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறி, யூனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, மறுபடி அதே வழியாகத் திரும்ப வேண்டும். பயிற்சிக்குப் போகும் நேரத்துக்குக் கிட்டத்தட்ட அதுவும் வந்துவிடும், பலன் ஒன்றும் இல்லாமல். ராத்திரிப் பயணம்தான் அவர் மனசில் இருக்கும் உண்மையான கவலை என்றால், அது பெண் பிள்ளை வீட்டில் இயல்பு. குழு மேலாளர் எண்ணை அவரிடம் கொடு, ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு வா. வந்து பார்த்த அப்பாக்கள் பலர் அதற்கப்புறம் நடுவரைத் திட்டுவதில் மும்முரமாகிவிடுகிறார்கள்.

உறவினர் யாராவது டான்ஸ்ரீ ஜெகதீசன் பெயரை எடுப்பார், பார்த்துக்கொண்டே இரு. மருத்துவம் படித்தவர், மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம். 1968-இல் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அவர் வைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. பெருமைப்பட வேண்டிய மனிதர், ஆனால் உன் பிரச்சினைக்கு உதாரணமாக அவரை இழுப்பது நியாயமில்லை. அபூர்வமான ஒருவர் எப்படிச் செய்தார் என்பதை வைத்து நீயும் நானும் திட்டம் போட முடியாது. எனக்கு ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியத்தின் வழி சுவாரசியமாகத் தெரிகிறது. கெடாவிலிருந்து கிளம்பி, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் குழுவுக்கு ஆடினார். கோர்னெல் இருக்கும் ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் தருவதில்லை. படிப்பை முடித்தார், 2022-இல் கார் விபத்தில் படுகாயம் அடைந்தார், மறு வருடமே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். "படிக்கப் போனால் விளையாட்டு போச்சு" என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கிலிப் பாடம் ஒன்றில் இரண்டாவது முறை தோற்றால் ஒரு செமஸ்டர் குழுவிலிருந்து விலகு. தொழில் பயிற்சிக் காலத்தில் போட்டிக்கு ஆசைப்படாதே. பொறியியல் பட்டத்துக்குக் குறைந்தது எட்டு வாரம் தொடர்ந்து செய்ய வேண்டியது அது, கட்டுமானத் தளத்தில் இருக்கும் சூப்பர்வைசருக்கு மாசும் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். இறுதியாண்டுத் திட்டப்பணி அப்படியில்லை, மேற்பார்வையாளரோடு பேசி வாரங்களை நகர்த்தலாம். முதல் செமஸ்டர் 2.68 மட்டும் விலகுவதற்குக் காரணம் ஆகாது. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்று பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்புகளில் இருந்து வரும் பிள்ளைகளில் ஹாக்கி மட்டையையே தொடாதவர்கள்கூட முதல் செமஸ்டரில் இப்படித்தான் சறுக்குகிறார்கள்.

கடைசியாகப் பயிற்றுநர். சொல், தாராளமாகச் சொல். ஆனால் "மார்க் குறைந்துவிட்டது, பயிற்சிக்கு வர முடியாது" என்று போய் நிற்காதே. குழுவில் கோல்கீப்பர் இரண்டு பேர்தான் இருப்பீர்கள். ஷூட்டிங் பயிற்சியும் பெனால்டி கார்னர் பயிற்சியும் நீங்கள் இல்லாமல் நடக்காது. ஓட்டப் பயிற்சியும் ஜிம்மும் நடக்கும், அவற்றை நீ காலையில் தனியாகவும் செய்யலாம். வாரத்தில் எந்த இரண்டு நாள் கோல்கீப்பர் கட்டாயம் வேண்டும் என்று அவரிடம் கேள். அந்த நாள்களில் மழை வந்தாலும் நீ அங்கே நிற்பாய் என்று வாக்குக் கொடு. டெஸ்ட் வாரங்களில் மட்டும் மற்ற நாள்களில் இன்னொரு கோல்கீப்பரோடு மாறிக்கொள்கிறேன் என்று கேள். உன் ஏ4 தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு போ, அந்த வாரங்கள் எவை என்று காட்டலாம். சம்மதித்தால் அந்தப் பெண்ணின் டெஸ்ட் தேதிகளையும் அதே தாளில் குறித்துக்கொள். இருவருக்கும் ஒரே வாரம் விழுந்தால் முன்கூட்டியே தெரியட்டும்.